வேலியோரத்து வைத்தியம்

எங்கள் ஊரில் நாய்க்கு முடியவில்லை என்றால் பெரியையா முதலில் நாயைப் பார்ப்பார், அப்புறம் வேலியைப் பார்ப்பார். வேலியில் இல்லாதது அடுப்படியில் இருக்கும். அடுப்படியில் இல்லாதது செக்கடியில் கிடைக்கும். அதற்கும் மேலே ஏதாவது தேவைப்பட்டால் கோவில்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய ஆளை அந்த நாளில் நான் கண்டதில்லை. மாட்டாஸ்பத்திரி என்ற பெயரே மாட்டுக்கானது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில் கிடக்கிற கரிசல் பூமி அது. பருத்தியும் கம்பும் உளுந்தும் மிளகாய் வற்றலும் விளைகிற மானாவாரி நிலம். சிப்பிப்பாறையும் கன்னியும் அந்த வட்டாரத்து நாய்கள். மேற்கே போனால் ராஜபாளையம் நாய், இன்னும் வடமேற்கே தேனிப் பக்கம் கோம்பை நாய். 2005இல் இந்திய அஞ்சல்துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையம் நாயும் அதில் இருந்தது. அந்தத் தபால்தலையைப் பார்த்த அன்று எனக்குப் பெரியையா ஞாபகம் வந்து, நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. ஒட்டிய வயிறும் நீண்ட மூஞ்சியும் கத்தி மாதிரி முதுகுமாக அவர் வளர்த்த நாய்கள் வரிசையாகக் கண்முன்னே வந்து நின்றன. செவலை, மயிலை, கருப்பாயி, அவள் ஈன்ற குட்டிகள்.

பெரியையா என்றால் என் அப்பாவின் மூத்த அண்ணன். கிடை ஆடு வைத்திருந்தார். ராத்திரியில் கிடையைக் குள்ளநரியிடமிருந்து காக்கிற வேலை நாய்களுடையது. அதனால் நாய் அவருக்குச் செல்லப்பிராணி இல்லை, கூட்டாளி. கூட்டாளிக்கு நோய் வந்தால் அன்று கிடையில் ஓர் ஆள் குறைவு. அந்தக் கணக்கும் பாசமும் ஒன்றாகக் கலந்துதான் அவருடைய வைத்தியம் நடந்தது.

அவர் பார்க்கிற விதத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. நாயைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் காலில் பாரத்தை வைக்கிறது, தலையைச் சாய்க்கிறதா, மூச்சு வாயில் வருகிறதா மூக்கில் வருகிறதா என்று எல்லாம் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் கை வைப்பார். காதை மடக்கி மோந்து பார்ப்பார். உதட்டைத் தூக்கிக் கட்டைவிரலால் ஈறை அழுத்துவார். அழுத்திய இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் சிவப்பு திரும்பி வர வேண்டும். திரும்புவது சுணங்கினால் அவர் முகம் மாறும்.

“ஈறு வெளுத்துக் கெடக்கு பாருல. ரத்தத்த எங்கயோ குடுத்துக்கிட்டு இருக்கு” என்பார்.

இன்றைக்கு எந்தக் கால்நடை மருத்துவரிடம் போனாலும் அதே சோதனையைச் செய்வதைப் பார்க்கிறேன். உதட்டைத் தூக்குவதும் ஈறை அழுத்துவதும் அப்படியே இருக்கின்றன. ரத்த ஓட்டமும் ரத்தச்சோகையும் அந்த ஒரு விரல் அழுத்தத்தில் தெரிந்துவிடுகின்றன.

ரத்தத்தை எங்கே கொடுக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் உண்ணிதான். கோடையிலும், மழை பெய்து வெயில் காய்கிற நாட்களிலும் உண்ணி பெருகிவிடும். காதுமடலுக்கு உள்ளே, கால்விரல் இடுக்கில், வாலடியில், கழுத்துச் சுருக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஆமணக்கு விதை போலவே பளபளவென்று இருக்கும். அதைப் பிடுங்குகிற வேலை எங்களுக்கு, அதாவது வீட்டுச் சிறுவர்களுக்கு. ஒரு சிரட்டையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொள்வோம். தோலோடு ஒட்ட, தலைக்குப் பக்கத்தில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நசுக்கக் கூடாது, திருகக் கூடாது. பிடுங்கியதைச் சிரட்டையில் போட வேண்டும். நாய் சிணுங்கினால் பெரியையா அதன் தாடையைத் தடவிக்கொடுத்தபடியே “இந்தா ஆச்சு, இந்தா முடிஞ்சிருச்சு” என்று பேசிக்கொண்டிருப்பார். நாயிடம் பேசுகிற குரலில் அவர் மனிதர்களிடம் பேசி நான் கேட்டதில்லை.

பிடுங்கி முடித்ததும் எண்ணெய். எண்ணெய் காய்ச்சுவது எங்கள் ஆச்சியின் பொறுப்பு. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, முத்தைக் காயவைத்துச் செக்குக்கு அனுப்பிய எண்ணெய் வருஷம் முழுக்கப் புழக்கடைத் திண்ணையில் ஒரு மண்கலயத்தில் இருக்கும். அதன் நாற்றம் அந்தப் பக்கம் போனாலே மூக்கில் ஏறும். பக்கத்திலேயே புங்கெண்ணெய். இரும்புக் கரண்டியில் ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்கு இரண்டு பங்கு தேங்காயெண்ணெய் ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு, கைபொறுக்கிற சூட்டுக்குக் காட்டி இறக்குவாள். “தனி வேப்பெண்ணெயத் தடவுனா தோலு காந்தும். நாய்த்தோலு நம்ம தோலவிட மெலிசு” என்பாள். மனிதத் தோலின் மேலடுக்கைவிட நாய்த்தோலின் மேலடுக்கு மெல்லியது என்பதைப் பின்னாளில் படித்தேன். ஆச்சிக்கு அதைச் சொல்லித் தந்தது அவளுடைய கை.

வெயில் தாழ்ந்த பிறகுதான் தடவுவார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் போகமாட்டார்கள். தடவியதும் நாய் நக்கத் தொடங்கும். நக்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு பையனை உட்கார வைப்பார்கள். அந்தப் பையன் பல நாள் நானாக இருந்தேன். தொழுவத்து வாசலில், மயிலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெய் ஊறுகிற மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் நாக்கை நீட்டும்போதெல்லாம் மூஞ்சியைத் திருப்பிவிட வேண்டும். அவளுடைய மூச்சுச்சூடு தொடையில் படும். வேம்பு நாற்றமும் நாய் வாடையும் கலந்த அந்த மாலைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது. மருந்து பூசுவது அரை வேலை, நக்காமல் காப்பது மறு அரை வேலை என்பது அந்த வீட்டின் விதி.

உண்ணியின் பிழைப்பு நாய்மேலேயே முடிந்துவிடுவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வயிறு நிறையக் குடித்த உண்ணி கீழே விழுந்து, ஊர்ந்து, சுவர் வெடிப்புக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். குஞ்சு பொரித்து வருவது மறுபடி நாயைத் தேடி வரும். குஞ்சுப் பருவத்திலும் இளம் பருவத்திலும் வளர்ந்த பிறகும் தனித்தனியே ரத்தம் குடித்துத் தனித்தனியே கீழே இறங்குகிற பூச்சி அது. அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பத்து நாளில் பழைய கதைதான். பெரியையா தொழுவத்துச் சுவர் வெடிப்புகளில் சுண்ணாம்பைக் குழைத்து அப்புவார். நாய் படுக்கிற சாக்கை உச்சிவெயிலில் காயப்போடுவார். வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுவார். நாய்கள் தாமாகவே அடுப்புச் சாம்பல் கொட்டுகிற குழியில் போய்ப் படுத்துப் புரளும். அந்தச் சாம்பலை யாரும் அள்ளிவிடக் கூடாது என்பது அவர் கட்டளை.

சொறிக்கு அவர் செய்த மருந்து எங்கள் வட்டாரத்துக்கே உரியது. முடி கொட்டி, தோல் தடித்து, ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிற நாயைக் கண்டால் கந்தகத்தைத் தேடுவார். கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும் தீப்பெட்டித் தொழிலால் பிழைக்கிற ஊர்கள். தீக்குச்சி மருந்தில் கந்தகமும் சேரும் என்பதால் எங்கள் பக்கத்தில் கந்தகம் அரிய பொருளாக இருந்ததில்லை. அதைப் பொடித்துச் சலித்து, புங்கெண்ணெயில் குழைத்து, சொறி இருக்கிற இடத்தில் மட்டும் போடுவார். உடம்பு முழுக்க ஒரே நாளில் பூசமாட்டார். இன்றைக்கு முன்பாதி, இரண்டு நாள் கழித்துப் பின்பாதி. அப்புறம் சீயக்காய் போட்டுக் கிணற்றடியில் குளிப்பாட்டு. சொறியை உண்டாக்குகிற நுண்ணிய பூச்சியைக் கந்தகம் கொல்லும். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பெரியையாவின் மருந்துகளில் காலம் கடந்தும் தலைநிமிர்ந்து நிற்கிற மருந்து அது.

முள்ளும் காயமும் அன்றாடம். கரிசலில் சீமைக்கருவேலம் பரவிய பிறகு நாய்களின் காலில் முள் ஏறாத நாளில்லை. முள்ளை எடுத்துவிட்டு வெட்டுக்காயப் பச்சிலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவார். வரப்பில், கிணற்றடியில், பாதையோரத்தில் மஞ்சள் நடுவும் வெள்ளை விளிம்புமாகச் சின்னப் பூப் பூத்துக் கிடக்கிற செடி அது. அரிவாள் பட்டால் எங்கள் விரலுக்கும் அதே சாறுதான். பெரிய காயமென்றால் மஞ்சளும் வேப்பெண்ணெயும். எண்ணெயின் நாற்றத்துக்கு ஈ அண்டாது, ஈ அண்டாவிட்டால் புழு வைக்காது. நாய்க்கு எட்டாத இடத்தில், கழுத்துக்குப் பின்னாலோ காதடியிலோ காயம்பட்டால்தான் அவருக்குக் கவலை அதிகம். நாக்கு எட்டுகிற காயத்தை நாயே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நினைப்பு. அதிகம் நக்கினால் புண் பெருகும் என்று இப்போதைய மருத்துவர்கள் சொல்வதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே கொடுக்கிற மருந்தில் அவர் ரொம்பக் கவனம். எலும்பு தின்று மலம் இறுகிய நாய்க்குச் சோற்றில் கொஞ்சம் விளக்கெண்ணெய். வயிறு இளகினால் ஒரு நாள் பட்டினி, அப்புறம் உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி. வயிறு சரியில்லாத நாய் தானாகவே போய் அருகம்புல் தின்று கக்கும். கக்கட்டும் என்று விட்டுவிடுவார். குட்டிகளுக்குக் கண் திறக்கிற மட்டும் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கிடையாது. சினைநாய்க்கு வேம்பை உள்ளே கொடுக்கவே கூடாது, குட்டி தங்காது என்பார். மிச்சச் சோற்றில் வெங்காயம் கிடந்தால் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் வைப்பார். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தச்சோகையை உண்டாக்கும் என்பது இன்றைக்கு எந்தக் கால்நடை மருத்துவப் புத்தகத்திலும் இருக்கிறது. இன்று உண்ணிக்கு நல்லது என்று நாய்ச்சோற்றில் பூண்டு நசுக்கிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது, பொறுக்கி எறிந்த அந்தக் கை ஞாபகம் வருகிறது.

எல்லாம் பலித்தது என்று சொன்னால் அது பெரியையாவுக்கே துரோகம். உண்ணிக்குப் புகையிலைத் தண்ணீர் அடிக்கிற வழக்கம் ஊரில் இருந்தது, அவரும் செய்தார். ஒரு தடவை புகையிலையைக் கூடுதலாக ஊறவைத்து ஒரு நாயின்மேல் தேய்த்ததும் அது நடுங்கி, நுரை தள்ளி, கால் பின்னிக்கொண்டு விழுந்தது. தண்ணீரை மேலே மேலே ஊற்றிக் கழுவினார்கள். பிழைத்துக்கொண்டது. அன்றோடு புகையிலையை விட்டார். புகையிலை நஞ்சு தோல்வழியாகவே ரத்தத்தில் ஏறும் என்ற உண்மையை அந்த நாய் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. விட்டதை ஊருக்கும் சொன்னார். அடுத்தவன் நாயும் அப்படி விழக்கூடாது என்று சாவடியில் உட்கார்ந்து சொன்னார். பலித்ததைச் சொல்ல எல்லாரும் இருக்கிறார்கள், பலிக்காததைச் சொல்கிற ஆள்தான் வைத்தியன் என்று எனக்கு அப்போதே பட்டது.

உண்ணி கொண்டுவருகிற காய்ச்சலுக்கு அவரிடம் மருந்தில்லை. ஈறு வெளுத்து, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போய், தீவனத்தைத் தொடாமல் படுத்துவிடுகிற நாய்க்குக் கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் அரைத்து மோரில் கலந்து ஊற்றுவார். சில பிழைக்கும், பல பிழைக்காது. உண்ணியின் எச்சில்வழியே ரத்தத்துக்குள் போய் அணுக்களைத் தின்கிற கிருமிகளின் வேலை அது. எர்லிக்கியா, பபேசியா என்று இரண்டு பெயரை இன்று ரத்தச் சோதனைச் சீட்டில் பார்க்கிறோம். முதலாவதற்கு டாக்சிசைக்ளின் மாத்திரை இருக்கிறது, இரண்டாவதற்கு ஊசி இருக்கிறது. காலத்தில் போனால் நாய் எழுந்து ஓடும். அந்த மாத்திரை அன்று எங்கள் ஊருக்கு எட்டியிருந்தால் செவலை இன்னும் பல கோடை ஓடியிருப்பான் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அப்புறம் குட்டிகளை வாரிக்கொண்டு போன ரத்தக்கழிச்சல் வந்தது. பார்வோ என்ற வைரஸை உலகம் 1978இல்தான் அடையாளம் கண்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் பக்கத்திலும் குட்டிகள் கக்கிக் கக்கி, ரத்தமாகப் போய், இரண்டு மூன்று நாளில் செத்து விழுந்தன. கருப்பாயியின் ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதும் போயின. மாதுளைத் தோலை அவித்து ஊற்றினார், வில்வக்காயைச் சுட்டுக் கொடுத்தார், வசம்பைக் கரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். ஒன்றும் நிற்கவில்லை. கடைசிக் குட்டியைப் புதைத்துவிட்டு வந்து, “இது நம்ம பச்சிலைக்கு அடங்குற சீக்கு இல்ல” என்றார். அந்த நோய்க்குத் தடுப்பூசி ஒன்றே காப்பு. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும்போது தொடங்கி, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

வெறிநாய்க் கதை அதைவிடக் கொடியது. கடித்த இடத்தில் சுண்ணாம்பும் மிளகாயும் வைத்துக் கட்டுவதும், ஊமத்தை சேர்ந்த மருந்தைக் குடித்துவிட்டுப் பத்தியம் இருப்பதும் ஊர் வழக்கமாக இருந்தன. வெறியில்லாத நாய் கடித்தவர்கள் பிழைத்தார்கள். மருந்து பிழைக்க வைத்தது என்று பேர் வந்தது. வெறிநாய் கடித்தவர் பிழைக்கவில்லை. தண்ணீரைக் கண்டு அலறிய ஒரு மனிதரின் குரலை ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட ராத்திரி ஒன்று உண்டு. 1885இலேயே லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டு வெறிநோயைத் தடுத்துவிட்டார். 1907இலிருந்து நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. ஊசி இருந்தது, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் எத்தனை பேரைப் பச்சிலைக்காரரிடம் துரத்தியதோ. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய ஊசி இந்தியாவில் 2004 இறுதியோடு நிறுத்தப்பட்டு, கையில் போடுகிற புது ஊசி வந்துவிட்டது. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்க்கு வருஷந்தோறும் தடுப்பூசி போட வேண்டும். இதில் இலைக்கும் வேருக்கும் இடமே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து இப்போது நகரத்தில் இருக்கிறேன். நாய்களுக்கென்றே கடைகள் வந்துவிட்டன. கண்ணாடி அலமாரியில் சின்னச் சின்னக் கறுப்புக் குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. லாவண்டர், பெப்பர்மின்ட், யூகலிப்டஸ், டீ ட்ரீ. உண்ணிக்கு, சொறிக்கு, பதற்றத்துக்கு, வாய்நாற்றத்துக்கு என்று மேலே எழுதியிருக்கிறது. இயற்கை, மூலிகை, பாதுகாப்பு என்ற மூன்று சொற்கள் எல்லாக் குப்பியிலும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. பெரியையாவின் பெயரைச் சொல்லி அவருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை விற்பது போலத் தோன்றுகிறது.

ஆச்சியின் வேப்பெண்ணெய் செக்கில் ஆட்டிய எண்ணெய். குப்பியில் இருப்பது ஆவியில் வடித்த தைலம். இரண்டும் ஒன்றில்லை. நூறு கிலோ யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சினால் ஒன்றிரண்டு கிலோ தைலம் இறங்கும். ஒரு கூடை இலை ஒரு சின்னக் குப்பியில் அடங்கிவிடுகிறது. அதை நாய்மேல் தடவினால் மெல்லிய தோல்வழியே உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்குப் போகும், அறையில் ஆவியாக விட்டால் மூச்சில் போகும். அமெரிக்காவில் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றுக்கு 2002 முதல் 2012 வரை வந்த அழைப்புகளை ஆராய்ந்து பார்த்தார்கள். கலப்பில்லாத டீ ட்ரீ தைலத்தால் பாதிக்கப்பட்ட நாய்களும் பூனைகளும் மட்டும் 443. எச்சில் ஒழுகுவதும், தள்ளாடுவதும், நடுங்குவதும், பின்கால் தளர்வதும் அவற்றிடம் கண்ட அறிகுறிகள். நல்லது செய்வதாக நினைத்து வீட்டுக்காரர்களே போட்டுவிட்டவைதான் அவற்றில் பெரும்பான்மை.

ஊட்டி யூகலிப்டஸ் தைலம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆச்சிக்குத் தலைவலி வந்தால் தேய்த்துக்கொள்வாள். அவள் தேய்த்த அன்று நாய்கள் திண்ணைப் பக்கம் வராது. தலையைத் திருப்பிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விடும். “நமக்குக் கண்ணு எப்படியோ அதுக்கு மூக்கு அப்படி. அதுல போயித் தைலத்த ஊத்தாத” என்று பெரியையா ஒரு தடவை என்னைத் தடுத்தார். மனித மூக்கில் மோப்பத்துக்கான உயிரணுக்கள் ஐம்பது அறுபது லட்சம், நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல் என்று இன்று சொல்கிறார்கள். நமக்கு மெல்லிய வாசனை அதற்கு அறை முழுக்க நிறைந்த கூச்சல். வாசனை பிடிக்காத நாய் விலகிப்போக இடம் இருந்தது எங்கள் ஊரில். கதவைச் சாத்திய அடுக்குமாடி வீட்டில் அது எங்கே போகும்?

கற்பூரமும் அப்படித்தான். புழு வைத்த புண்ணில் தேங்காயெண்ணெயில் கரைத்த கற்பூரம் விட்டால் புழு வெளியே வந்து விழும் என்பது உண்மை. நாய் அதை நக்கினால் வலிப்பு வரும் என்பதும் உண்மை. பெரியையா அதைச் செய்த நாட்களில் புழுவை எடுத்து முடித்ததும் புண்ணைக் கழுவித் துடைத்த பிறகுதான் நாயை விட்டார், ஆள் போட்டுக் காவல் காத்தார். இன்று பக்குவத்தை எழுதுகிறவர்கள் கற்பூரத்தை எழுதுகிறார்கள். கழுவுவதையும் காவலையும் எழுதுவதில்லை.

எனக்கு இதில்தான் துக்கம். போனது வெறும் பச்சிலைகள் இல்லை. குப்பைமேனி இன்றும் எந்தக் காலிமனையிலும் முளைக்கிறது, வேம்பு தெருவுக்குத் தெரு நிற்கிறது. எவ்வளவு, எப்போது, எந்த நாய்க்கு, எது கூடாது, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனிதர்கள் போய்விட்டார்கள். இலையின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அளவில்லாத பெயர் மருந்தாகாது.

எழுதிவைத்ததற்கு என்ன வலு என்பதை மஞ்சள் காட்டியது. காயம் ஆற்றுகிற மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பழைய ஏடுகளையும் அச்சான கட்டுரைகளையும் எடுத்துவைத்து வழக்காடியது. 1997இல் அந்த உரிமை ரத்தானது. எழுத்தில் இருந்ததால் காப்பாற்ற முடிந்தது. மாட்டுக்கு நம்மிடம் வாகடங்கள் இருக்கின்றன. யானைக்கும் குதிரைக்கும் எழுதிய சாஸ்திரங்களைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அச்சில் கொண்டுவந்திருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மாட்டு மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்று அளவோடு சொல்லிக்கொடுத்தார். பாட்டிகள் கண்ணளவில் செய்ததை கிராம் கணக்கில் நிறுத்திக் காட்டிய அந்த வேலையால் எத்தனையோ மாட்டுக்காரர்கள் பிழைத்தார்கள். நாய்களுக்கும் அப்படி ஒரு வேலை நிறைய நடக்க வேண்டும். பெரியையா கற்றதெல்லாம் வாய்வழி, கொடுத்ததும் வாய்வழி. அவர் போன பிறகு கிடையும் போயிற்று. ஊரில் இப்போது கன்னி நாய் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பெரியையாவின் மகனிடமும், கிடைபோட்ட வேறு பெரியவர்களிடமும் கேட்டுச் சேர்க்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நாலு குறிப்பு போடுகிறேன். எந்த நோய்க்கு, எந்த அளவு, என்ன எச்சரிக்கை, எந்த அறிகுறி கண்டால் இதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எழுதியதை எங்கள் நாயைப் பார்க்கிற மருத்துவரிடம் காட்டுகிறேன். அவர் சிலவற்றை அடித்துவிடுகிறார், சிலவற்றுக்குப் பக்கத்தில் காரணம் எழுதிக்கொடுக்கிறார். புகையிலையும் ஊமத்தையும் அடிபட்டன. கந்தகமும் எண்ணெய்க் கலவையும் நின்றன. அடித்தவற்றையும் நோட்டிலிருந்து நான் கிழிக்கவில்லை. எது பலிக்காது என்பதும் பெரியையா நமக்கு விட்டுப்போன அறிவுதான்.

உங்கள் ஊரிலும் ஒரு பெரியையா இருந்திருப்பார். உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். இலையின் பெயரோடு நின்றுவிடாமல் அளவைக் கேளுங்கள், பலிக்காமல் போன நாயைப் பற்றியும் கேளுங்கள். கேட்டதை எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள். அவர் சரி என்று சொல்வதை உங்கள் நாய்க்குச் செய்யுங்கள். செய்த பிறகு, அது நக்காமல் இருக்கிற மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.